வண்டிக் கொட்டகையும் நிலத்து ஈரமும்

யாழ்ப்பாணத்துப் பழைய வீட்டு வளவுகளில், தலைவாசலுக்குச் சற்று அப்பால், கிடுகினால் வேய்ந்த வண்டில் கொட்டில் ஒன்று இருப்பது வழக்கம். அதன் நிலம் வெறும் மணல். மழை பெய்தால் தூவானம் உள்ளே வரும். மணல் அதனைக் குடித்துவிடும். காற்று நான்கு புறமும் புகுந்து வீசும். மறுநாள் நண்பகலுக்குள் யாவும் உலர்ந்துவிடும். அக்கொட்டிலில் ஈரம் நிற்கிறது என்று எவரும் முறையிட்டதாகக் கேள்வியில்லை.

பின்பு வண்டில் போய் மோட்டார் வண்டி வந்தது. கிடுகு இருந்த இடத்தில் ஓடும் தகரமும் ஏறின. மணல் நிலம் சீமெந்து நிலமாயிற்று. நான்கு புறமும் சுவர் எழுந்தது. முன்னால் இரும்புக் கதவும் பூட்டும் வந்தன. களவுக்கும் புழுதிக்கும் இவை நல்ல காவல்தான். ஆயினும், இக்காவலோடு கூடவே முன்னர் இல்லாத ஒரு விருந்தாளியும் வந்து சேர்ந்தது. கார்த்திகை மார்கழியில் நிலம் கறுத்துக் கிடக்கும். சுவரடியில் வெண்மையாக உப்புப் பூக்கும். மூலையிலே பூஞ்சணம் மணக்கும். வண்டியின் அடித்தகட்டிலே கறள் ஏறும். இந்த ஈரத்தை எவ்வாறு போக்குவது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இதனை விளக்க ஒரு வீட்டின் வரலாற்றை எடுத்துக்கொள்ளலாம். வலிகாமத்துக் கிராமமொன்றிலே இளைப்பாறிய தபாலதிபர் ஒருவர் வாழ்கிறார் என வைத்துக்கொள்வோம். அவருடைய தகப்பனார் வாங்கிய மொறிஸ் மைனர் மோட்டார் வண்டி இன்றும் அவர் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. 1948ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் முதன்முதலாக வெளிவந்த அவ்வகை வண்டி, வடபகுதிக் குடும்பங்கள் பலவற்றுக்கு உறவினர்போல ஆகிவிட்டதை நேயர்கள் அறிவார்கள். பெற்றோல் கிடையாத போர்க்காலத்தில் சிறிது பெற்றோல் ஊட்டி முடுக்கி, மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்ட வண்டிகள் அவை. 1995ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, தபாலதிபரின் தாயாரையும் இரண்டு நெல்மூட்டைகளையும் தென்மராட்சிக்கு ஏற்றிச் சென்றது அந்த வண்டியே. 2020ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல் மீண்டும் அனுமதிக்கப்படும் வரையிருந்த காலத்தில், அதற்கு நல்ல விலை சொல்லிப் பலர் வந்தார்கள். அவர் கொடுக்கவில்லை.

அத்தகைய வண்டியை, ஒருநாள், பழுது பார்ப்பவர் உயர்த்தி அடிப்புறத்தைக் கையால் தட்டிப் பார்த்தார். மேலே பளபளவென்று இருந்த வண்டியின் அடித்தகடு சில இடங்களில் அப்பளம்போல உதிர்ந்தது. மொறிஸ் மைனர் வண்டிக்கு உடலின் வேறான அடிச்சட்டகம் கிடையாது. அடித்தகடும் அதனோடு இணைந்த பெட்டிப் பகுதிகளுமே வண்டியின் முழுப் பாரத்தையும் தாங்குகின்றன. ஆகவே, அடித்தகட்டைக் கறள் தின்றால் வண்டியின் முதுகெலும்பையே தின்றதாக முடியும். மழையில் அதிகம் ஓடாத வண்டிக்கு இக்கறள் எங்கிருந்து வந்தது? கொட்டகையின் நிலத்திலிருந்தே வந்தது.

இரும்பு கறள் பிடிப்பதற்கு நீரும் காற்றிலுள்ள ஒட்சிசனும் வேண்டும். மழைநீர் நேரே பட்டால்தான் கறள் ஏறும் என்று எண்ணுவது தவறு. காற்றின் சாரீரப்பதன் ஏறக்குறைய 60 வீதத்தைத் தாண்டியதுமே இரும்பின்மீது கண்ணுக்குப் புலப்படாத நீர்ப்படலம் உருவாகிக் கறள் விரைந்து வளரத் தொடங்குகிறது. கடற்காற்றின் உப்பு அதிலே படிந்திருந்தால் இதனினும் குறைந்த ஈரத்திலேயே அது தொடங்கிவிடும். ஈர நிலத்துக்கு மேலே, அரையடி உயரத்தில், காற்றோட்டமின்றி மாதக்கணக்காக நிற்கும் வண்டியின் வயிற்றுப்புறம் எந்நிலையில் இருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

தபாலதிபர் ஈரத்தைக் கவனியாதிருந்தவர் அல்லர். மூன்று ஆண்டுகளில் மூன்று தடவை அவர் பணம் செலவிட்டார். முதலாம் ஆண்டு, நிலத்தின்மீது புதிதாக ஒரு சீமெந்துப் பூச்சுப் பூசுவித்தார். அடுத்த கார்த்திகையில் அப்பூச்சும் கறுத்தது. பின்பு பொடிப்பொடியாகப் பெயர்ந்தது. இரண்டாம் ஆண்டு, விலையுயர்ந்த நிலப்பூச்சு வர்ணம் ஒன்றைத் தீட்டுவித்தார். சில மாதங்களில் அது கொப்புளம் கொப்புளமாக எழும்பி, கை வைத்தால் உரிந்து வந்தது. மூன்றாம் ஆண்டு, ஈரக்காற்றே காரணம் என்று கருதி, சுவரிலிருந்த காற்றுத் துவாரங்களை அடைப்பித்தார். அந்த ஆண்டிலேதான் கொட்டகைக்குள் பூஞ்சண மணம் முதன்முதலாக எழுந்தது.

இவற்றோடு நின்றிருந்தால் அவர் விதியென்று விட்டிருப்பார். ஆனால், ஒரு மார்கழி மாலையில், கொட்டகையின் மூலையில் வைத்திருந்த நீரிறைக்கும் மோட்டாரை நிறுத்தச் சென்ற அவருடைய மருமகள், வெறுங்காலோடு ஈர நிலத்தில் நின்று அதன் உடலைத் தொட்டதும் மின்சாரம் தாக்கிச் சுவரோடு சாய்ந்தார். நல்வாய்ப்பாக உயிருக்குத் தீங்கு நேரவில்லை. மின்னிணைப்பாளர் வந்து பார்த்தபோது, ஈரத்தினால் மோட்டாரின் காவற்கட்டு கெட்டிருந்தமையும், நிலத்தொடுப்புக் கம்பி கழன்றிருந்தமையும் தெரியவந்தன. உலர்ந்த நிலத்திலே, காலணியோடு நிற்பவருக்குச் சிறு அதிர்ச்சியாகக் கழியும் மின்கசிவு, ஈர நிலத்திலே வெறுங்காலோடு நிற்பவருக்கு எமனாக முடியும். அன்றே நிலத்தொடுப்பைச் சீராக்கி, 30 மில்லியம்பியர் கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்பு ஆளியும் பொருத்தப்பட்டது. வண்டியைப் பற்றிய கவலையாக இருந்தது அன்றிலிருந்து வீட்டாரைப் பற்றிய கவலையாயிற்று.

மறுநாள் அவர் அழைத்த மேசன், நிலத்தின்மீது மீண்டும் ஒரு பூச்சுப் பூசலாம் என்றார். அப்பொழுது வளவிலே கிணறு இறைத்துத் துப்புரவு செய்ய வந்திருந்த முதியவர் ஒருவர், வாசற்படியிலே நின்றபடி, “ஐயா, இந்த ஈரம் எங்கேயிருந்து வருகிறதென்று பார்த்தீர்களா? கிணற்றிலே தண்ணீர் எவ்வளவுக்கு நிற்கிறது பாருங்கள்” என்றார். தபாலதிபர் சென்று எட்டிப் பார்த்தார். ஆவணியிலே பதினைந்து அடிக்குக் கீழே கிடந்த நீர், அப்போது கட்டிலிருந்து நான்கடியில் நின்றது.

அவருக்கு அது ஒரு பாடமாயிற்று. இதுகாறும் தாம் மூன்று மருந்து கொடுத்தும், நோய் யாதென்று ஒருமுறையேனும் கேட்கவில்லை என்பதை உணர்ந்தார். திருக்குறளிலே மருந்து என்ற அதிகாரத்தில் வள்ளுவர் வைத்தியருக்கு வகுத்த ஒழுங்கு, நோயையும் நோயின் காரணத்தையும் அறிந்த பின்னரே சிகிச்சை செய்க என்பதாகும். வீட்டுக்கு வந்த நோய்க்கும் அவ்வொழுங்கே பொருந்தும். தபாற் கந்தோரிலே நாற்பது ஆண்டு பதிவேடு எழுதிய கை அது. ஒரு கொப்பியை எடுத்துக் கோடு கீறினார். திகதி, மழை, கிணற்று நீரின் ஆழம், நிலத்தின் நிலை, எந்த இடத்தில் ஈரம், எந்த நேரத்தில் ஈரம் என்று எழுதத் தொடங்கினார். அந்த மழைக்காலம் முழுவதும் ஒரு சதமும் செலவிடாது கவனித்தார்.

அக்கொப்பி அவருக்குக் கற்பித்தவற்றை நேயர்களும் அறிந்துகொள்ளுதல் நன்று. ஈரம் என்று ஒரு பெயரால் அழைத்தாலும், கொட்டகைக்குள் அது பல வழிகளால் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு அடையாளம் உண்டு. வேறு வேறு பரிகாரமும் உண்டு.

முதலாவது, வெளியிலிருந்து வரும் மழைநீர். இதன் அடையாளம், மழை பெய்து ஓரிரு மணித்தியாலத்துக்குள் கதவடியிலும் சுவரடியிலும் ஈரம் தோன்றி உள்நோக்கிப் பரவுதல் ஆகும். பலர் இதன் அளவை உணர்வதில்லை. ஒரு சதுர மீற்றர் பரப்பிலே ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது ஒரு லீற்றர் நீர். கொட்டகைக் கூரையின் பரப்பு 20 சதுர மீற்றர் எனவும், ஓரிரவில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தது எனவும் கொண்டால், அக்கூரையிலிருந்து வடிவது 1,000 லீற்றர். பீலி இல்லாத கூரையாயின் அவ்வளவு நீரும் சுவரின் காலடியிலே கொட்டுகிறது. பின்பு அது எங்கே போகும்? அத்திவாரத்தோடு ஒட்டி இறங்கி, நிலத்தின் கீழே நுழைகிறது.

இதற்குப் பரிகாரம் கொட்டகைக்கு வெளியே உள்ளது. கூரைக்குப் பீலி பொருத்தி, நீரைக் குழாய்வழியே சுவரிலிருந்து தூரத்தே விடவேண்டும். சுவரைச் சூழவுள்ள மண் உள்நோக்கிச் சரியாது, முதல் இரண்டு மீற்றர் தூரத்துக்காயினும் வெளிநோக்கிச் சரியவேண்டும். இருபதடிக்கு ஓரடி வீதமான சரிவு போதுமானது. முற்றம் கொட்டகையை நோக்கிச் சரிந்திருந்தால், கதவுக்கு முன்னே குறுக்காக ஒரு வாய்க்கால் வெட்டி, வண்டி ஏறக்கூடிய இரும்புக் கம்பித்தட்டால் மூடிவிடலாம். மண்வெட்டி ஒன்றினால் செய்யக்கூடிய இவ்வேலைகளை விட்டு, உள்ளே விலையுயர்ந்த பூச்சுப் பூசுவது வீண்.

இரண்டாவது, நிலத்தின் அடியிலிருந்து ஏறும் ஈரம். விளக்கிலே எண்ணெய் கீழே இருக்கிறது. சுடர் மேலே எரிகிறது. எண்ணெயை மேலே கொண்டுவருவது திரியின் நுண்ணிய இழைகளுக்கிடையே உள்ள வெளிகள். சீமெந்தும் கொங்கிறீற்றும் பார்வைக்குக் கல்லாயினும் அவற்றுள்ளும் எண்ணிலடங்காத நுண்துளைகள் உண்டு. அவை திரியைப்போலவே நீரை மேலே இழுக்கின்றன. அடிமண் களியாக இருந்தால் அதுவும் இழுத்துக் கொடுக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல்லில் மழைநீர் விரைந்து இறங்கி நிலத்தடி நீர்மட்டத்தை உயர்த்துவதால், தாழ்ந்த வளவுகளிலே ஐப்பசி முதல் மார்கழி வரை இத்தொல்லை மிகுதி. கிணற்று நீர் ஏற ஏற நிலம் கறுப்பதும், நீர் இறங்கச் சில வாரங்களில் நிலம் வெளுப்பதும் இதன் அடையாளம். முதியவர் கிணற்றைக் காட்டியதன் பொருள் இதுவே.

இதனை உறுதிப்படுத்த எளிய சோதனை ஒன்று உண்டு. ஏறக்குறைய 45 சென்ரிமீற்றர் சதுரமான, தெளிந்த பொலித்தீன் துண்டொன்றை நிலத்திலே விரித்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாதபடி ஒட்டு நாடாவினால் ஒட்டி, ஒரு பகலும் ஓரிரவும் விடவேண்டும். பின்பு எடுத்துப் பார்த்தால், பொலித்தீனின் கீழ்ப்புறத்தில் நீர்த்துளி நின்றாலோ அதன் கீழே நிலம் கறுத்திருந்தாலோ ஈரம் அடியிலிருந்து வருகிறது. மேற்புறம் நனைந்து கீழ்ப்புறம் உலர்ந்திருந்தால் ஈரம் காற்றிலிருந்து வருகிறது. இதனை இரண்டு மூன்று இடங்களிலே செய்யவேண்டும், மழைக்காலத்திலே செய்யவேண்டும். ஆடி மாதத்தில் செய்து, நிலம் நல்லதென்று தீர்மானித்தல் காய்ச்சல் விட்ட நேரத்தில் நாடி பார்ப்பதற்கு ஒப்பாகும்.

மேலே தீட்டிய வர்ணம் கொப்புளித்தமைக்கும், புதுப் பூச்சுப் பொடிந்தமைக்கும் காரணம் இப்பொழுது விளங்கும். அடியிலிருந்து வரும் நீரை மேலே வைத்த மெல்லிய தோல் தடுக்க முயன்றது. நீரும் அதிற் கரைந்த உப்பும் அத்தோலைத் தூக்கி எறிந்தன.

மூன்றாவது, காற்றிலிருந்து படியும் ஈரம். குளிர்ந்த நீர் நிறைந்த பித்தளைச் செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதை எல்லாரும் கண்டிருப்பர். செம்பு ஒழுகுவதில்லை, காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த உலோகத்தில் பட்டு நீராகிறது. 27 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு கனமீற்றர் காற்று ஏறக்குறைய 26 கிராம் நீராவியைத் தாங்கும். அதே காற்று 24 பாகைக்குக் குளிர்ந்தால் ஏறக்குறைய 22 கிராமையே தாங்கும். மழை விட்ட ஒரு காலையில் காற்றின் ஈரப்பதன் 90 வீதமாயின், அக்காற்றில் 23 கிராமுக்கு மேல் நீராவி இருக்கும். இரவு முழுதும் குளிர்ந்து 24 பாகையில் கிடக்கும் நிலத்தில் அது படும்போது, தாங்கமாட்டாத மிகுதி நீர் நிலத்திலே வியர்வையாகத் தங்கிவிடுகிறது. மழையின்றியே, காலையில் நிலம் முழுவதும் ஒரே சீராக நனைந்திருந்து, நண்பகலில் உலர்வது இதன் அடையாளம்.

இதற்கு மருந்து காற்றோட்டம். ஆயினும், நேரமறிந்த காற்றோட்டமாக அது இருத்தல் வேண்டும். காலை ஈரக்காற்றிலே கதவைத் திறந்து வைப்பவர், ஈரத்தை அழைத்து உபசரிப்பவர் ஆவார். வெயில் ஏறி, வெளிக்காற்று உலர்ந்த பின் கதவைத் திறந்து, மாலை மங்குமுன் அடைப்பதே முறை. சுவரிலுள்ள துவாரங்கள் எதிரெதிர்ச் சுவர்களில், ஒருபுறம் நிலத்தோடு தாழவும் மறுபுறம் கூரையோடு உயரவும் அமைந்தால், காற்று குறுக்கே ஊடறுத்துச் செல்லும். தூவானம் வராதபடி மேலே சாய்தகடு பொருத்தலாமேயன்றித் துவாரத்தை அடைத்தல் ஆகாது. தபாலதிபர் அடைத்தபோது, அடியிலிருந்து ஏறிய ஈரம் போக வழியின்றி உள்ளேயே தங்கிப் பூஞ்சணத்தை வளர்த்தது.

நான்காவது, உப்பு இழுக்கும் ஈரம். கறியுப்புச் சாடி மழைக்காலத்தில் நீர்விடுவதைப் பெண்கள் அறிவார்கள். காற்றின் சாரீரப்பதன் ஏறக்குறைய 75 வீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே நீரை உறிஞ்சி இளகும். கழுவாத கடல் மணலையோ உவர்க் கிணற்று நீரையோ கொண்டு கலந்த சாந்தினாற் கட்டிய நிலமும் சுவரும் அவ்வுப்புச் சாடியைப் போன்றவையே. ஓரிடத்தில் மட்டும் திட்டுத் திட்டாக ஈரம் தோன்றி, வெயிலில் வெண்பொடி பூத்து, மறுபடி ஈரமாகும். இப்பொடியை நீர் விட்டுக் கழுவினால் உப்புக் கரைந்து மீண்டும் உள்ளே இறங்கும். உலர்ந்த தூரிகையாற் கூட்டி அள்ளி எறிதலே நன்று. புதிதாகக் கட்டுவோர் தொடக்கத்திலேயே மணலையும் நீரையும் சோதித்துக்கொண்டால் ஆயுள் முழுதும் கூட்டவேண்டியதில்லை.

ஐந்தாவது, வண்டியே கொண்டுவரும் நீர். மழையில் நனைந்த வண்டியை நேரே உள்ளே விட்டுக் கதவை அடைத்தால், சக்கரத்திலும் அடியிலும் தங்கிய நீர் முழுவதும் கொட்டகைக்குள்ளேதான் ஆவியாகவேண்டும். சற்று நேரம் வெளித்தாழ்வாரத்தில் வடியவிட்டு உள்ளே கொண்டுவருதல் நல்ல வழக்கம். குளிரூட்டி பொருந்திய இக்கால வண்டிகளில், குளிரூட்டியில் படிந்து வடியும் நீர் முன்புறத்தின் அடியில் ஒரு சிறு குட்டையாக நிற்கும். நிலம் கசிகிறது என்று அஞ்சி மேசனை அழைக்குமுன் இதையும் பார்த்துக்கொள்ளலாம்.

தபாலதிபரின் கொப்பியில் இவற்றுள் நான்கு காணப்பட்டன. கதவடியில் மழைநீர்; நடுநிலத்தில் கிணற்றோடு ஏறி இறங்கும் ஈரம்; துவாரம் அடைத்ததனால் காலை வியர்வை; மேற்குச் சுவரின் மூலையில் உப்பு. ஒரு பூச்சினால் நான்கையும் வெல்ல முயன்றதே அவர் செய்த பிழை.

பரிகாரத்தை அவர் செலவு குறைந்ததிலிருந்து தொடங்கினார். தை மாதத்தில் துவாரங்களைத் திறந்தார். மாசியில் பீலி பொருத்தி, முற்றத்து மண்ணை வெளிநோக்கிச் சரித்தார். கூரைநீரைத் தோட்டத்து மண்ணிலே ஊறவிட்டார். ஆனால், கொட்டகைக்குள்ளிருந்து கழுவி வரும் நீரை அதனோடு கலக்கவிடவில்லை. வண்டியின் எண்ணெய் கலந்த நீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளினூடாகக் கிணற்றைச் சென்றடைய நெடுநாள் ஆகாது. சுன்னாகத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்த துயரத்தை வடபகுதி மக்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

நிலத்து வேலையை இறுதியாக, வைகாசி மாதத்தில், கிணற்று நீர் தாழ்ந்திருந்த காலத்தில் தொடங்கினார். பழைய சீமெந்து நிலம் உடைத்து அகற்றப்பட்டது. அடிமண் இடித்து இறுக்கப்பட்டது. அதன்மேல், பொடியும் மணலும் கலவாத கருங்கற்சல்லி 10 சென்ரிமீற்றர் கனத்துக்குப் பரப்பப்பட்டது. சல்லிகளுக்கிடையே உள்ள பெரிய வெளிகளிலே திரியின் தொழில் நடவாது. நீர் ஏறும் ஏணி அங்கே முறிகிறது. சல்லியின் கூர்முனைகள் குத்தாதபடி மெல்லிய மணற்படை இட்டு, அதன்மேல் 1000 கேஜ் தடித்த பொலித்தீன் விரிக்கப்பட்டது. துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஒரு முழங்கை நீளத்துக்கு ஏறி, ஒட்டப்பட்டன. ஓரங்கள் சுவரின் ஈரத்தடுப்புப் படை வரை உயர்த்தி விடப்பட்டன. அதன்மேல் 10 சென்ரிமீற்றர் கனத்துக்குக் கொங்கிறீற்று இடப்பட்டது. கதவுநோக்கி, ஒரு மீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றர் வீதம் சரிவும் கொடுக்கப்பட்டது. நிலமட்டம் முற்றத்தினும் அரையடி உயர்ந்தது.

இவ்விடத்தில் இரண்டு பொறுமைகள் வேண்டும். கொங்கிறீற்று இட்ட பின் ஏழு நாளாயினும் ஈரச்சாக்கு மூடி நனைத்து வைத்தாலன்றி, சோழகக் காற்றிலும் வெயிலிலும் அது வெடித்துவிடும். பின்பு, அதன் உள்ளீரம் போவதற்கு ஓர் அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம் என்பது தொழிலாளர் கொள்ளும் கணக்கு. நான்கங்குல நிலத்துக்கு நான்கு மாதம். அதற்குள் வர்ணம் தீட்டுவோர் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுபவர் ஆவர்.

நிலத்தை உடைக்க வசதியில்லாதோர் பலர். வாடகை வீட்டில் வாழ்வோரும் உளர். அவர்கள் பீலி, சரிவு, துவாரம் ஆகிய மூன்றையும் முதலிற் செய்யட்டும். நெல்மூட்டையையும் சீமெந்துப் பையையும் நிலத்திலே வையாது, பனஞ்சலாகை அல்லது பலகை அடுக்கி அரையடி உயர்த்தி, சுவரிலிருந்து ஓரடி தள்ளி வைக்கட்டும். நெல்லின் ஈரப்பதன் 14 வீதத்தைத் தாண்டினால் அது கெடும். நிலத்து ஈரம் சாக்கினூடாக அதனை எளிதில் உயர்த்திவிடும். நிலத்தில் பாயும் கம்பளமும் விரித்தலும், வண்டியைப் பொலித்தீனாற் போர்த்தலும் ஆகா. அவை ஈரத்தை மூடிப் பாதுகாக்கின்றன. மூச்சு விடும் பருத்தித் துணிப் போர்வையே வண்டிக்கு உகந்தது. காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயந்திரமும் மருந்துப்பொடியும் அடைத்த அலுமாரிக்குப் பயன்படும். இடைவெளி நிறைந்த கொட்டகையில் அவற்றை வைத்தல் கடலை இறைத்து வற்றச்செய்ய முயல்வதாகும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஈரத்தை உலர்த்தும் எண்ணத்தோடு, கதவடைத்த கொட்டகைக்குள் வண்டியின் இயந்திரத்தை ஓடவிடுதலும், கரிச்சட்டியில் நெருப்பு மூட்டி வைத்தலும் ஒருபோதும் ஆகாது. அவற்றிலிருந்து எழும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உள்ளே நிற்பவர் அறியாமலே உயிரைப் போக்கிவிடும். அடுத்து, கொட்டகைப் புறத்தில் போட்டு வைத்த பழைய ரயர்களிலும் தட்டுகளிலும் நீர் தேங்கினால், டெங்கு நுளம்பு ஏழு முதல் பத்து நாளுக்குள் முட்டையிலிருந்து முழுநுளம்பாகிப் பறந்துவிடும். வாரம் ஒருமுறை அவற்றைக் கவிழ்த்தல் ஒவ்வொரு வீட்டாரின் கடமையாகும்.

அடுத்த கார்த்திகை வந்தது. கிணற்று நீர் முன்போலவே நான்கடிக்கு ஏறியது. தபாலதிபர் நாள்தோறும் காலையில் கொப்பியோடு கொட்டகைக்குச் சென்றார். நடுநிலம் வெளுத்துக் கிடந்தது. கதவடியில் ஈரமில்லை. மேற்குச் சுவர் மூலையில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை இருந்தது. அது சுவரில் ஊறிய உப்பு. சுவரை இடித்தாலன்றிப் போகாது. அவர் அதனையும் திகதியிட்டு எழுதிக்கொண்டு, தூரிகையாற் கூட்டிவிட்டார். அடித்தகட்டில் உதிர்ந்த இடங்களை வெட்டியகற்றிப் புதுத்தகடு ஒட்டுவித்த மொறிஸ் மைனர், தைப்பொங்கலுக்குக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கோவிலுக்குச் சென்று திரும்பியது.

தெற்கிலும் மேற்கிலும் வாழும் நேயர்களுக்கு மழை வைகாசி முதல் புரட்டாதி வரை, தென்மேற்குப் பருவக்காற்றோடு வரும். வடக்கிலும் கிழக்கிலும் வாழ்வோருக்கு அது ஐப்பசியில் தொடங்கும். மட்டக்களப்பு வாவிக்கரையிலே உப்பும், மலைநாட்டிலே பனிமூட்டத்தின் வியர்வையும் முதன்மை பெறும். எங்கே வாழ்பவராயினும், மேசனுக்கு ஆள் அனுப்புமுன் ஒரு கொப்பியும் பென்சிலும் எடுத்து, ஒரு மழைக்காலத்தைக் கவனித்து எழுதுவாராயின், எந்த இடத்தில் பணத்தைச் செலவிடுவது என்பதை அந்நிலமே அவருக்குச் சொல்லும். அதுவரையில், ஈர நிலத்தில் வெறுங்காலோடு மின்சாதனம் எதனையும் தொடாதிருக்கும்படி வீட்டிலுள்ள எல்லாரிடமும் இன்றிரவே சொல்லி வைத்தல் வேண்டும்.